ஓடுபாதையில் ஆள் இருக்கும்வரை இடது செருப்பு

ஒருநாள் காலை எட்டரை மணிக்கு, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முகப்பில், சைக்கிளில் வந்த மீன்காரருக்கு நான் தரையிறங்க அனுமதி கொடுத்தேன். கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே கொடுத்தேன். இரவு டியூட்டி முடித்து வந்து கேற்றடியில் பாதி நித்திரையில் நிற்கிறேன். அவர் வளைவில் திரும்பி வருகிறார். குறுக்கே ஒரு ஓட்டோ பின்னுக்கு எடுக்கிறது. என் வாய் தன்பாட்டில் திறந்து, ஓட்டோவை நிற்கச் சொல்லி, மீன்காரரை இறங்கச் சொல்லி, காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதையும் ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டது. மனுஷன் பயந்துபோய் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு என் கணவரிடம், வீட்டு நோனாவுக்குச் சுகமில்லையா என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டாராம். அன்றைக்கு மீன் கொஞ்சம் கூடுதலாகவே தந்துவிட்டுப் போனார்.

நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விமானக் கட்டுப்பாட்டு டவருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விமானத்தை எப்படி இறக்குவது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குத் தடித்தடியாகப் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தை எழுதியவர்கள் இரவில் ஒழுங்காகப் படுத்து எழும்பியவர்கள் போலிருக்கிறது, நித்திரையைப் பற்றி அதில் இரண்டு பக்கம்தான். அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன்.

காலை, பின்னேரம், இரவு, பிறகு ஒரு ஓய்வு நாள் என்று முப்பத்தொரு வருஷம் சுழன்றவள் நான். என் அனுபவத்தில் நித்திரை நேராக வந்து கண்ணை மூடாது. முதலில் கொட்டாவி வரும். அது நல்ல பிள்ளை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும். அடுத்தது குளிர். பக்கத்தில் இருப்பவர் வியர்க்கும்போது உங்களுக்கு மட்டும் முழங்கை குளிரும். மூன்றாவதாக வருவது சிரிப்பு. இதுதான் பொல்லாதது. எல்லாமே பகிடியாகத் தெரியும். பேனை கீழே விழுந்தால் சிரிப்பு, யாராவது தும்மினால் சிரிப்பு. மனமும் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேனே, எனக்கா களைப்பு என்று நீங்களே நினைப்பீர்கள். சிரிக்கிற ஆளை மேலதிகாரியும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

இனி செருப்புக்கு வருகிறேன். ஓடுபாதையில் ஏதாவது வாகனம் நிற்கும்போது நமக்கு முன்னால் சிவப்புப் பட்டை ஒன்றை வைக்கவேண்டும் என்பது எல்லா டவரிலும் உள்ள வழக்கம். வாகனம் வெளியேறியதும் பட்டையை எடுக்கலாம். நல்ல வழக்கம்தான், ஆனால் களைத்த கண் சிவப்பைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் விடும். அதனால் நான் சொந்தமாக ஒரு வித்தை வைத்திருந்தேன். பட்டையை வைக்கும் அதே நேரம் இடது செருப்பைக் கழற்றிவிடுவேன். ஓடுபாதையில் ஆள் இருக்கும்வரை இடது பாதம் வெறும் தரையில் குளிர்ந்துகொண்டே இருக்கும். கண் மறந்தாலும் கால் மறக்காது. ஆள் வெளியேறியது உறுதியான பிறகுதான் செருப்புக்குள் கால் போகும்.

நான் பயிற்சி கொடுத்த எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். பலர் எனக்குப் பின்னால் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் முதல் நாளே லேஸ் கட்டிய சப்பாத்தை அவிழ்க்கத் தொடங்கி, அவர் அவிழ்த்து முடிப்பதற்குள் வாகனம் போய் விமானமும் இறங்கிவிட்டது. அடுத்த கிழமை லேஸ் இல்லாத சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மனுஷனை எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. அவருக்கு முதல் பிள்ளை பிறந்த கிழமை, டியூட்டியில் சிரித்துக்கொண்டே இருந்தார். எல்லோருக்கும் முன்னால் அவரை இருக்கையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினேன். தனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணினார். நித்திரை வந்தவருக்குத்தான் அது கடைசியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பத்து வருஷத்தில் அவர் எனக்கு மேலதிகாரியாக வந்தார். இப்போது உங்களுக்கும் அவர்தான், அதனால் பெயர் சொல்லமாட்டேன்.

என் மகள் அனிற்றாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு கொட்டாஞ்சேனைக் கோவிலில் திருப்பலி. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தை. நம்முடைய ஆட்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டு டவர்களுக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. லீவு கேட்டால், மேலதிகாரிமாரே பாவம் போல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு மணியிலிருந்து பின்னேர டியூட்டி விழுந்திருந்தது. ஒரே வழி டியூட்டி மாற்றுவது. நீ என்னுடையதைச் செய், நான் உன்னுடையதைச் செய்கிறேன் என்று வொட்ஸ்அப்பில் பேசி, ஒரு துண்டுப் படிவம் நிரப்பி, அன்றைக்கு நிற்கும் மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கவேண்டும்.

எனக்கு ஒருநாள் போதாது என்று ஆசை. பெற்ற ஒரே பிள்ளை. புதன்கிழமையிலிருந்து ஏழு நாள் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு ஐந்து மாற்றல். ஐந்து துண்டையும் வேறு வேறு நாளில், அன்றன்று நின்ற மேலதிகாரியிடம் தனித்தனியாக நீட்டினேன். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குற்றமே இல்லை. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், மூன்று கிழமையாக ஒரு பொம்பிளை படுக்கவே இல்லை என்று தெரியும். யாரும் அப்படி வைத்துப் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த மூன்று கிழமையும் நான் நடத்திய கூத்தைக் கேளுங்கள். பால் பக்கெற்றை அலுமாரிக்குள் வைத்தேன், கைக்குட்டைகளைப் பிரிட்ஜுக்குள் அடுக்கினேன். வெள்ளவத்தையில் சம்பந்தியம்மா வீட்டுக்குக் கூறைச் சேலை பற்றிக் கதைக்கப் போய், கையில் கடித்த பட்டீஸோடு இருந்தபடியே நித்திரையாகிவிட்டேன். விழித்துப் பார்த்தால் எல்லோரும் சத்தம் போடாமல் என்னையே பார்க்கிறார்கள். பட்டீஸ் மட்டும் விழவில்லை. சம்பந்தியம்மா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவ. அவவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அம்மாவுக்கு ஏதும் வருத்தமோ என்று அனிற்றாவிடம் கேட்டாவாம். அவவின் தங்கச்சி இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தால் குடிக்கிற ஆள் போலக் கிடக்கு என்று சொல்லியிருக்கிறா. எனக்கு அதைக் கேட்டும் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் கட்டம் என்று அப்போதே விளங்கியிருக்கவேண்டும்.

கல்யாணக் கிழமை செவ்வாய். காலை ஏழு மணிக்கு இரவு டியூட்டி முடிந்தது. அதே நாள் ஒரு மணிக்குப் பின்னேர டியூட்டி. அதுதான் கடைசி, அது முடிந்தால் ஏழு நாள் எனக்கு. இடையில் படுத்திருக்கவேண்டும். பிளவுஸில் கை இறுக்கம் என்று அனிற்றா அழுததால், வெள்ளவத்தைக்குப் போய் தையல்காரியோடு மல்லுக்கட்டி, காலி வீதியில் கடைகடையாக ஏறி இறங்கி, பன்னிரண்டரைக்கு டவர் ஆட்களை ஏற்றிப்போகும் வானில் ஏறினேன். கால் இரண்டும் பாண் போல வீங்கிப்போயிருந்தன. இருக்கையில் இருந்ததும் முதல் வேலையாக இரண்டு செருப்பையும் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளினேன். அப்பாடா என்றிருந்தது.

விளங்குகிறதா, பிள்ளைகளே? இரண்டையும் கழற்றிவிட்டேன்.

இரண்டரை மணியளவில் விமானங்கள் குறைந்த நேரம். பறவை விரட்டும் ஜீப்காரர் ஓடுபாதைக்குள் போக அனுமதி கேட்டார். கொடுத்தேன். சிவப்புப் பட்டையையும் வைத்தேன். உள்ளே போனவர் வானொலியில் சிங்களத்தில் சொல்கிறார், ஓடுபாதை நடுவில் ஒரு பெரிய கபரகொய்யா கிடக்கிறதாம். தண்ணீர்க் கரையில் திரியும் அந்தப் பெரிய உடும்பை உங்களுக்குத் தெரியும்தானே. ஜீப் ஹோனும் அடித்துப் பார்த்தாராம், அசையவில்லையாம். செத்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை மிஸ், நித்திரை என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, மைக்கை மூடிக்கொண்டு சிரித்தேன். இந்த இலங்கைத் தீவிலேயே நிம்மதியாகப் படுத்திருப்பது அது ஒன்றுதான் என்று நினைத்தேன், இன்னும் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் நஸீர். கொம்பனித்தெருப் பையன், நல்ல கொன்ட்ரோலர், என் மாற்றல்களில் இரண்டு அவனோடுதான். அவனும் என்னைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணக் களை அக்கா என்றான்.

சிரிப்பு அடங்கிய நேரம், கடல் பக்கமிருந்து ஒரு விமானம் இறங்க வருவதாகக் கூப்பிட்டது. தரையிறங்க அனுமதி சொல்ல வாயைத் திறந்தேன். ஆயிரமாயிரம் தடவை சொன்ன வசனம், நித்திரையிலும் வரும். மீன்காரருக்கே வந்ததுதானே. முதல் சொல் நாக்கில் நிற்கும்போது, பழக்கத்தில் இடது காலை அசைத்துப் பார்த்தேன். தரை குளிர்ந்தது. அப்படியானால் ஓடுபாதையில் ஆள். வலது காலை அசைத்தேன். அதுவும் குளிர்ந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜீப் வெளியே போய்விட்டதா, உள்ளே நிற்கிறதா? வெளியேறினேன் என்று அவர் சொன்னதாக ஒரு நினைவு. சிரித்த நேரத்தில் நானே நினைத்துக்கொண்டதாகவும் ஒரு நினைவு. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன், வெயிலில் ஓடுபாதை முழுக்கக் கானல் நெளிந்தது. சிவப்புப் பட்டை என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது. சத்தியமாக நான் அதைக் காணவில்லை.

அந்த இரண்டு மூன்று விநாடியில் மனம் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் விமானத்துக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போனது. களைத்துவிட்டேன் என்று இப்போது வாயைத் திறந்தால் ஏன் களைத்தாய் என்று கேட்பார்கள், துண்டுகளை எடுப்பார்கள், ஐந்தும் ஒன்றாக மேசையில் வரும், சனிக்கிழமை டியூட்டி திரும்பவும் என் தலையில் விழும். மகள் கோவிலுக்குள் நடக்கும்போது நான் இதே இருக்கையில் இருப்பேன். வாயை மூடிக்கொண்டு, வெளியே இன்னொருமுறை உற்றுப் பார்த்துச் சமாளிக்கலாம். நாலரை மணித்தியாலம்தானே மிச்சம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த விமானத்துக்குள் இருப்பவர்களும் யாருடையவோ கல்யாணத்துக்கு வருகிறவர்களாக இருக்கலாம் என்று உறைத்தது.

"நஸீர், நான் நித்திரை. பொசிஷன எடு" என்றேன்.

"என்னக்கா, கண் முழிச்சித்தானே ஈக்கிறீங்க."

"முழிச்சிருக்கிறன். நித்திரை. எடு."

அவன் எழும்பி வந்து, மேசையை ஒருமுறை பார்த்தான். சிவப்புப் பட்டையில் விரலை வைத்தான். ஜீப் உள்ளேதான் நின்றது. விமானத்தை இறங்காமல் மேலே ஏறச் சொன்னான். அது கடலுக்கு மேல் இன்னொரு வட்டம் போட்டு வந்தது. அதற்குள் கபரகொய்யா எழும்பி, ஒரு அவசரமும் இல்லாமல் புல்லுக்குள் நடந்து போனது. விலங்கு காரணமாகத் திரும்ப ஏறியது என்று பதிவில் ஒரே ஒரு வரி. பயணிகளில் யாராவது ஜன்னலால் கடலைப் படம் பிடித்திருப்பார்கள். நடந்தது அவ்வளவுதான், அதாவது ஒன்றும் நடக்கவில்லை.

லேஸ் இல்லாத சப்பாத்துக்காரர்தான் அன்றைக்கு மேலதிகாரி. அவருடைய அறையில் போய் இருந்து, கேட்பதற்கு முன்னமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஐந்து துண்டையும் தேடி எடுத்து வரிசையாக வைத்தார். அதட்டவில்லை. பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அக்கே, இதில் மூன்று கையெழுத்து என்னுடையது. நித்திரை கொண்டது நீங்கள் மட்டுமில்லை."

ஆனால் ஐந்தும் ரத்து என்றார். வெள்ளி வரை உங்களுக்குக் கட்டாய ஓய்வு, அதற்குப் பிறகு பழைய ரோஸ்டர்தான், சனிக்கிழமை பின்னேரம் டியூட்டி உங்களுடையது, புதிதாக மாற்ற வேண்டுமானால் முதலில் போய்ப் படுத்து எழும்புங்கள் என்றார். என்னோடு மாற்றக்கூடியவர்கள் எல்லோரையும் நான் ஏற்கெனவே பிழிந்து எடுத்திருந்தேன். யாரிடம் போய்க் கேட்பது? அழுகை வந்தது, அதற்குள்ளும் கபரகொய்யா ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததைப் பார்த்து அவரே என்னை வீட்டுக்கு ஏற்றிப்போக வான்காரருக்குக் கோல் எடுத்தார். கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது என் கணவர் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால். மற்றது நஸீரின் கதிரைக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. நான் கவனிக்கவேயில்லை.

இவரிடம் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோவிலை டவருக்குக் கிட்ட கொண்டுபோக ஏலாது. நீ முதல்ல படு" என்றார். படுத்தேன். பின்னேரம் ஐந்தரைக்குப் படுத்தவள், அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

வியாழன் பின்னேரம் வீடு முழுக்க ஆட்கள். சம்பந்தியம்மாவும் கல்யாணக் கேக் துண்டுகளைக் கடதாசியில் சுற்றுவதற்கு இரண்டாம் நாளாக வந்திருந்தா. சனிக்கிழமை நான் வரமாட்டேன் என்பதை அனிற்றாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குசினிக்கும் முன்னறைக்கும் நடக்கிறேன். அப்போது வாசலில் மேலதிகாரி வந்து நிற்கிறார். ஒரு கையில் கடைப் பை, மற்றதில் ஒரு துண்டு. பையை நீட்டினார். உள்ளே என் இடது செருப்பு, துடைத்துச் சுத்தமாக. துண்டைப் பிரித்தேன். டியூட்டி மாற்றல். சனிக்கிழமை பின்னேரம் என் இடத்தில் அவர். அவருடைய பெயர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

நான் பேனையைத் தேடினேன். அவர் துண்டைக் கொடுக்கவில்லை. கையெழுத்துக்கு முதல், எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள் என்று கேட்டார். நன்றாகக் கொண்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டி, நித்திரைக்காரருக்குக் கடைசியாகத்தான் தெரியும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் அக்கே, பார்த்தவர்கள் யாராவது சொல்லட்டும் என்றார். நான் இவரைப் பார்த்தேன். தானும் நித்திரை, தெரியாது என்று கையை விரித்தார் என் உத்தம புருஷன்.

கேக் துண்டுகளுக்கு நடுவிலிருந்து சம்பந்தியம்மா எழும்பினா.

"தம்பி, நான் சொல்லுறன். புதன்கிழமை காலமை எட்டு மணிக்கு நான் வந்தனான். அப்பவும் நித்திரை. பத்து மணிக்கும் நித்திரை. பன்ரெண்டுக்கு எழும்பிச் சோறு சாப்பிட்டிட்டு, திரும்பவும் போய்ப் படுத்தவ. நான் தனியா இருந்து எண்பது கேக் துண்டு சுத்தினனான். வேணுமெண்டால் சைன் பண்ணித் தாறன்."

அவருக்குத் தமிழ் விளங்கும். சிரிக்காமல் துண்டின் கீழே ஒரு கோடு போட்டு, சாட்சி என்று எழுதி, சம்பந்தியம்மாவிடம் நீட்டினார். அதிபர் கையெழுத்து, அழகாக இருந்தது. அதற்குக் கீழே நான் போட்டேன். அன்றைக்குத்தான் அவவுக்கு முழுக் கதையும் சொன்னேன், இடது செருப்பையும் பட்டீஸையும் சேர்த்து. தங்கச்சிக்கு நான் விளங்கப்படுத்துறன் என்று மட்டும் சொன்னா.

அந்தத் துண்டில்தான் இப்போது நீங்கள் நிரப்பும் சாட்சிக் கட்டம் தொடங்கியது. அதைப் பார்த்து நீங்கள் எரிச்சல்படுவதாகக் கேள்விப்பட்டேன். எரிச்சல்படுங்கள், ஆனால் நிரப்புங்கள். சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நான் நித்திரை என்று சொல்ல இரண்டே சொல்தான் வேண்டும். எனக்கு அந்த இரண்டு சொல் வாயில் வர முப்பத்தொரு வருஷத்தில் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கோவில் நிறைந்திருந்தது. இவர் அனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பாட்டுத் தொடங்கியது, இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில் நின்ற நான் புதுச் செருப்பில் இடதை மெல்லக் கழற்றினேன். கோவில் தரை நல்ல குளிர். நடுப்பாதைக்கு அந்தப் பக்கமிருந்து சம்பந்தியம்மா என் காலைப் பார்த்தா. செருப்பைப் போடு என்று கண்ணால் சொல்லப்போகிறா என்று நினைத்தேன். அவ குனிந்து, தன்னுடைய இடது செருப்பையும் கழற்றினா. அனிற்றா பீடத்தடிக்குப் போய்ச் சேரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம், பிறகுதான் போட்டுக்கொண்டோம்.